கெடாவின் நெல்வயல்கள்



சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் பழைய பெருஞ்சாலை வழியாகப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? பீடோங் தாண்டி, குரூண் வரையில், சாலையின் இருமருங்கிலும் ரப்பரும் இப்போது செம்பனையுமாக நிழல் தொடர்ந்து வரும். குரூணைக் கடந்ததும் நிழல் சட்டென்று அறுந்துவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல், அதற்கப்பால் வானம். இடப்புறம் திரும்பிப் பார்த்தால் ஜெராய் மலை தன்னந்தனியாக நிற்கும். நான் சிறுவனாக இருந்தபோது முதன்முதலில் அந்த இடத்தைக் கண்டு, 'இவ்வளவு நெல்லும் யாருக்கு?' என்று என் தாயாரிடம் கேட்டேன். 'நமக்கில்லை, நாம் ரங்கூன் அரிசி தின்கிறவர்கள்' என்றார் அவர். அந்தப் பதிலின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கெடாச் சமவெளி என்பது மலாக்கா நீரிணைக்கும் கிழக்கேயுள்ள மலையடிவாரத்துக்கும் இடையில், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலமும் 65 கிலோமீட்டர் நீளமும் கொண்ட தட்டையான களிமண் பூமி. வடக்கே அது பெர்லிசுக்குள்ளும் நீள்கிறது. 'தட்டை' என்று சொன்னேன். எவ்வளவு தட்டை தெரியுமா? ஐயாயிரம் அடி, சில இடங்களில் பத்தாயிரம் அடி நடந்தால்தான் நிலம் ஓரடி இறங்கும். கடலோரத்து வயல்கள் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கின்றன. ஆகவே கடலோரம் நெடுகிலும் மண்கரை போட்டு, ஆற்று வாய்களில் மதகு வைத்து, உப்புநீர் உள்ளே வராமல் தடுத்திருக்கிறார்கள்.

இந்த மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. அலோர் ஸ்டாருக்கு அருகேயுள்ள கெரியாங் சுண்ணாம்பு மலையும் ஜெராய் மலையும் அன்று தீவுகளாக நின்றன என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். நம் முன்னோர் கடாரம் என்றழைத்த துறைமுகம் இந்த ஜெராய் மலையின் அடிவாரத்திலே, பூஜாங் பள்ளத்தாக்கிலே இருந்தது. முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை கி.பி. 1025 வாக்கில் கடாரத்தின்மீது வந்தது என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அன்றைய கடற்கரை இன்றைய கரையைவிட உள்ளே தள்ளி இருந்தது. இன்று நாற்று பச்சை கட்டி நிற்கும் பல இடங்கள் அன்று சதுப்பும் அலையாத்திக் காடும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய்தான் மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே வழிகாட்டியது.

மண்ணைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கேள்வி எழும். ஒரே மாநிலத்தில் ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் ரப்பர் என்று யார் பிரித்தார்கள்? தண்ணீர்தான் பிரித்தது. களிமண்ணில் தண்ணீர் நிற்கும். நெல்லுக்கு அது வேண்டும். ரப்பர் மரத்தின் வேருக்கோ நிற்கும் நீர் ஆகாது. வழிந்தோடும் மேட்டு நிலம் வேண்டும். ஆகையால் கூலிம், பாலிங், கோல மூடா போன்ற மேட்டுப் பகுதிகள் தோட்டங்களாயின. தாழ்வான வடமேற்கு, வயலாகவே நின்றது. தோட்டத்துக்குத் தமிழர் வந்தனர்; வயலில் மலாய்க் குடியானவர் இருந்தனர். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவர் பிழைப்பை மற்றவர் அறியாமல் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்துவிட்டார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். லங்காவித் தீவில் மாசூரி என்றொரு பெண் இருந்தாள் என்பது கெடா மக்கள் எல்லாரும் அறிந்த கதை. கணவன் ஊரில் இல்லாத சமயத்தில் அவள்மீது வீண்பழி சுமத்தி மரண தண்டனை விதித்தனர். அவள் உடலிலிருந்து வெள்ளை இரத்தம் வடிந்தது என்றும், ஏழு தலைமுறைக்கு இத்தீவு செழிக்காது என்று அவள் சபித்தாள் என்றும் சொல்வார்கள். சாபத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதையொட்டி நடந்த ஒன்று வரலாறு. 1821ஆம் ஆண்டில் சயாமியப் படை கெடாவின்மீது பாய்ந்தது. சுல்தான் அகமது தாஜுடின் ஹலிம் ஷா பினாங்குக்குத் தப்பிச் சென்றார். லங்காவி மக்கள் தங்கள் நெல்லையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, எதிரிக்குக் கிடைக்கக்கூடாதென்று தாங்களே தீயிட்டனர் என்பர். பாடாங் மாட்சிராட் என்ற இடத்தில் மழை பெய்தால் கருகிய அரிசி மண்ணுக்கு மேலே வரும் என்று இன்றும் காட்டுகிறார்கள். குடியானவன் தன் கையாலே நெல்லுக்குத் தீ வைக்க வேண்டுமானால், அவன் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

பெருநிலத்திலும் அதே கதிதான். ஆயிரக்கணக்கானோர் பினாங்குக்கும் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைக்கும் ஓடினார்கள். ஓடிய இடத்திலும் காடு வெட்டி நெல்லே விதைத்தார்கள். கெடாவின் வயல்களில் புல் மண்டியது. 1842இல்தான் சுல்தான் திரும்பி வர முடிந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் வான் முகம்மது சமான் என்ற முதலமைச்சரின் செயல் எவ்வளவு பெரிது என்பது புலப்படும். மக்கள் அவரை வான் மாட் சமான் என்று அழைத்தார்கள். 1885ஆம் ஆண்டில், சுல்தான் அப்துல் ஹமிட் காலத்தில், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரத்துக் குரூண் வரையில் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். நீளம் சுமார் 35 கிலோமீட்டர். வேலை முடிந்தது 1895இல். பத்து ஆண்டுகள்! இன்று நிலமளக்கும் கருவிகள் உண்டு. அன்று இரவு நேரத்தில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அவற்றின் நேரைப் பார்த்தே கால்வாய்க்கு வழி குறித்தார்கள் என்று கெடாவில் சொல்வார்கள். சிலர் 'முதலமைச்சருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது' என்று கூடச் சொன்னார்களாம். கால்வாய் சதுப்பு நீரை வடித்தது. படகு போக வழியாயிற்று. அதன் இரு கரையிலும் குடியேறியவர்கள் காட்டை வயலாக்கினர். அந்தக் கால்வாய் இன்றும் பெருஞ்சாலையின் ஓரமாகவே ஓடுகிறது. அடுத்த முறை பேருந்தில் போகும்போது சாக்கடை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிக் கெடா தன் தேவைக்கு மேல் விளைவித்துப் பினாங்குக்கும் பிற மாநிலங்களுக்கும் அரிசி அனுப்பும் நாடாயிற்று. ஆனால் உழவனிடம் என்ன மிஞ்சியது? அறுவடைக்குப் பல மாதங்கள் முன்னரே கைக்காசு தீர்ந்துவிடும். கடைக்காரரிடம் ரொக்கம் வாங்குவான். வட்டியாக அல்ல, நெல்லாகவே திருப்பித் தருவதாக வாக்கு. அதற்கு 'பாடி குன்சா' என்று பெயர். குன்சா என்பது 160 காந்தாங் கொண்ட பெரிய அளவு. கொடுத்த பணத்துக்கும் அளந்து வாங்கிய நெல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் இலாபம். அந்த நெல் அறுவடைக் காலத்தில் மலிவு. அதையே உழவன் பின்னர் வாங்கப் போனால் விலை ஏறியிருக்கும். சம்பளத்துக்கு முன்னே கடைப் புத்தகத்தில் கணக்கு ஏறி, சம்பள நாளன்று வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி என் தாயார் சொன்ன ரங்கூன் அரிசிக்கு வருகிறேன். ரப்பர் பெருகிய காலத்தில் மலாயாவின் மக்கள்தொகை மளமளவென்று உயர்ந்தது. நெல் விளைச்சல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1930களில் இந்நாடு உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. நம்மவர்களுக்குப் புழுங்கலரிசி பழக்கம். அது பர்மாவிலிருந்து வந்தது. அந்தப் பர்மா வயல்களிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடன்பணம் இருந்தது. அறுவடைக்கும் ஆலை வேலைக்கும் தமிழரும் தெலுங்கரும் சென்றனர். அங்கே ஒரு கூட்டம் தமிழர் நெல் அறுக்க, இங்கே ஒரு கூட்டம் தமிழர் பால் வெட்ட, நடுவே கப்பலும் வியாபாரமும். இது ஆங்கிலேயர் கணக்கு. கப்பல் ஓடுகிற வரையில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கப்பல் ஓடாமற்போனால்? முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில், இந்தியாவில் பருவமழை பொய்த்து, பர்மா அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தபோது மலாயா ஒரு முறை தவித்தது. அதன் பிறகே அரசாங்கம் சற்று விழித்து, 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறையை அமைத்தது. 1941 இறுதியில் ஜப்பானியர் வந்தபோது மறுபடியும் அதே தவிப்பு, பன்மடங்காக. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான் சோறு. 1943 அக்டோபரில் கெடாவையே ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1945 வரை அது அவர்கள் ஆளுகையில் இருந்தது. அக்காலத்தில் வாழ்ந்த பெரியவர்கள் பின்னாளில் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் பொறுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் கண்ட பெரிய கனவு மூடா நீர்ப்பாசனத் திட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கெடாவில் சனவரி முதல் மார்ச் வரை நல்ல வறட்சி. பழைய நெல்வகைகள் விளைய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். ஆகவே ஆண்டுக்கு ஒரே போகம். அறுவடை முடிந்ததும் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆண்கள் வேறு ஊர்களுக்குக் கூலி வேலை தேடிப் போவார்கள். இரண்டாம் போகம் வேண்டுமானால் மழைநீரை எங்கேயாவது தேக்கி வைக்க வேண்டும். மலைப்பக்கம் இரண்டு ஆறுகள்: மூடா, பெடு. மூடா ஆற்றுக்குத் தண்ணீர் தரும் காடு மிகப் பெரியது. ஆனால் அங்கே அணை கட்டினால் கொஞ்சம்தான் தேங்கும். பெடு ஆற்றுப் பள்ளத்தாக்கு ஆழமானது, நிறையக் கொள்ளும். ஆனால் அதற்கு வரும் தண்ணீர் குறைவு. அதாவது வருமானம் உள்ளவனிடம் பெட்டியில்லை. பெட்டி உள்ளவனிடம் வருமானமில்லை! பொறியாளர்கள் இரண்டிலும் அணை கட்டி, நடுவிலுள்ள மலையைக் குடைந்து ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சையோங் சுரங்கத்தால் இணைத்தார்கள். மூடாவின் வெள்ளம் சுரங்கம் வழியே பெடுவுக்குப் போய்ச் சேரும். பெடு அணையின் உயரம் 61 மீட்டர். அது கொள்ளும் நீர் நூறு கோடிக் கனமீட்டருக்கு மேல்.

1966இல் தொடங்கிய வேலை 1970இல் முடிந்தது. உலக வங்கி 4 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலர் கடன் தந்தது. திட்டத்தை நடத்த மாடா என்ற வாரியம் ஏற்பட்டது. சுமார் 96,000 ஹெக்டர் வயலுக்கு, ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு, ஆண்டில் இரண்டு போகம் கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அணையின் நீர் மொத்தத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாதிக்குமேல் இன்றும் வானத்து மழையே. மழை ஏமாற்றினால் அணையும் கைவிடும். 1978இல் அப்படித்தான் கடும் வறட்சியால் ஒரு போகம் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு போகம் வந்த புதிதில் உழவர் வீடுகளில் மகிழ்ச்சி. கீற்றுக் கூரை போய்த் தகரம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிலைத்தார்கள். நிலமில்லாத ஏழைக்கும் இரண்டு நடவு, இரண்டு அறுவடை என்று கூலி இரட்டித்தது. நடவு பெண்கள் வேலை. இருபது பெண்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ரிலோங் கணக்கில் கூலி பேசுவார்கள். ஒரு ரிலோங் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அறுவடையில் பெண்கள் அரிவாளால் அறுக்க, ஆண்கள் மரத்தொட்டியில் கதிரை ஓங்கி அடித்து நெல் பிரிப்பார்கள். கிளந்தானிலிருந்தும் தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்தும்கூட ஆட்கள் அறுவடைக்கு வந்தார்கள்.

இந்த நல்ல காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. 1970களின் நடுவில் அறுவடை இயந்திரம் வந்தது. ஒரே மூச்சில் அறுத்து, அடித்து, தூற்றி மூட்டைக்குள் போட்டுவிடும். 1980 வாக்கில் சமவெளியின் பெரும்பகுதியை இயந்திரமே அறுத்தது. அடுத்து, நாற்று நடாமல் நேராக விதை தெளிக்கும் முறை பரவியது. பெண்களின் நடவுக் கூலியும் போயிற்று. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1978 முதல் 1980 வரை இச்சமவெளியில் ஒரு கிராமத்தில் தங்கி இவற்றையெல்லாம் நேரில் கண்டு நூலாக எழுதினார். இயந்திரத்தைக் கொண்டு வந்த நிலக்காரனின் வயலில் நடவு நட வராமல் பெண்கள் சாக்குப்போக்குச் சொன்னதை அவர் விவரித்திருக்கிறார். 'வேலைநிறுத்தம்' என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்கு வேறு வயலில் வேலை மிச்சம். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த உடம்பு சரியில்லாமையின் இரகசியம் தெரியும். ஆயினும் இயந்திரமே வென்றது.

நிலக்குத்தகையும் மாறியது. முன்பு அறுவடை கண்டு, விளைச்சல் குறைந்தால் பேசிக் குறைத்து, பிறகு கொடுப்பது வழக்கம். இரண்டு போகம் வந்ததும் 'பணம் முன்னே, உழவு பின்னே' என்றானது. ரொக்கம் இல்லாதவன் நிலத்தை இழந்தான். 1980 சனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் அலோர் ஸ்டாரில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தனர். நெல்லுக்கு உயர்த்திய விலையை ரொக்கமாகத் தராமல் கூப்பனாகத் தந்ததுதான் காரணம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னே, 1974 இறுதியில், இதே மாநிலத்தின் பாலிங் பகுதியில் ரப்பர் விலை விழுந்து, உணவுப்பொருள் விலை ஏறியதால் சிறுதோட்டக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். ஒரே கெடா. அரிசி விலை ஏறினால் ஒருவன் அழுகிறான். ஏறாவிட்டால் மற்றவன் அழுகிறான்.

விதையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இது நமக்கு நெருங்கிய சங்கதி. 1950களில் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஏற்பாட்டில், ஒரிசாவிலுள்ள கட்டாக் ஆராய்ச்சி நிலையத்தில் பல நாட்டு நெல்களை ஒட்டுச் சேர்த்தார்கள். தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லையும் மலாயாவின் மாயாங் எபோஸ் என்ற நெல்லையும் சேர்த்துப் பிறந்த ஒன்றை இந்நாட்டில் பொறுக்கி எடுத்து, 1965இல் உழவர்களுக்கு அளித்தனர். அதற்கு இட்ட பெயர் மாசூரி. ஆம், லங்காவிப் பெண்ணின் பெயர்தான்! மாசூரி கடல் தாண்டி ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி இந்தத் தைச்சுங், மாயாங் எபோஸ் வழிவந்ததே. காவிரியின் பெயரைத் தாங்கி, 'ஊர் அரிசி' என்று நாம் ஆசையோடு வாங்குகிறோமே, அந்தப் பொன்னியின் உடம்பில் பாதி மலாயா இரத்தம்.

அந்தப் பொன்னி மூட்டைக்கும் சோதனை வந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குத் தாவியது. உள்நாட்டு அரிசிக்கோ 10 கிலோ 26 வெள்ளி என்று அரசாங்கம் விலை கட்டியிருந்தது. எல்லாரும் அதற்கே பாய்ந்தார்கள். கடைகளில் அது மறைந்துபோயிற்று. கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும், நெற்களஞ்சியத்தின் வாசலிலேயே, மக்கள் உள்நாட்டு அரிசி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இந்தியா அந்தத் தடையை விலக்கியது 2024 செப்டம்பரில்.

நாம் அரிசி விலையைக் கண்டு திகைத்திருந்த அதே வேளையில் வயலில் இருந்தவன் நெல்லின் விலை போதவில்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தான். உரம் ஏறிவிட்டது, இயந்திரக் கூலி ஏறிவிட்டது, ஆலையில் ஈரப்பதம், பதர் என்று எடையில் கழிக்கிறார்கள் என்பது அவன் குறை. 1,300 வெள்ளியாக இருந்த ஒரு டன் நெல்லின் அடிவிலை 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளி ஆயிற்று. பால் எடையில் கழிவு பிடித்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆலை வாசலில் லாரியோடு காத்திருக்கும் அந்த மலாய்க் குடியானவர் அயலார் அல்லர்.

அலோர் ஸ்டாருக்கு அருகே, கெரியாங் மலைப்பக்கம், நெல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கதிர் அடிக்கும் மரத்தொட்டியையும் அரிவாளையும் அவர்கள் பார்க்கட்டும். வெளியே வந்து, அங்கிருந்து கிழக்கு நோக்கி நின்றால், பெடு அணைக்குப் போகும் மலைத்தொடர் நீலமாகத் தெரியும்; மேற்கே கடல்வரை வயல்தான்.